சிறு பங்குகளின் பெருங்கதை: தோட்டத்துப் படிப்பகம் முதல் இணைய நூலகம் வரை



இணையவெளியில் காணக் கிடைக்கும் வியத்தகு படைப்பு முயற்சிகள் பற்றிப் பேசுமாறு இம்மன்றத்தார் என்னைப் பணித்தனர். வியப்புக்குரிய முயற்சிகளைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஊதியமின்றி, அலுவல் முடிந்து வீடு திரும்பிய பின் இரவு விழித்துத் தனி மனிதர் சிலர் தொடங்கிய வேலைகளே இன்று உலகத் தமிழர் அனைவரும் எழுதவும் படிக்கவும் உதவுகின்றன. அவற்றுள் சிலவற்றின் வரலாற்றை, அவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் பேராக் மண்ணில் வேரூன்றியிருந்த ஒரு பழக்கத்தோடு இணைத்து உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சிறு பங்குகளைச் சேர்த்துப் பெரும்பொருள் ஆக்கும் பழக்கமே அது.

1. பால்மரமும் பள்ளிக்கூடமும்

1877 ஆம் ஆண்டு, இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளர் ஹியூ லோவின் காலத்தில் அங்கே நடப்பட்டன. அத்தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்படுகிறது. தோட்டத்து மக்கள் 'கித்தா' என்றும் 'பால்மரம்' என்றும் அழைத்த அந்த மரமே நம் முன்னோரைக் கடல் கடத்திக் கொண்டுவந்தது. கங்காணி முறையில் ஊர் ஊராக ஆள் திரட்டப்பட்டுக் கப்பலேறியவர்கள், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். இவ்வாழ்க்கை ஏறத்தாழ மூன்று தலைமுறைக்கு நீடித்தது.

அந்த வாழ்க்கைக்குள் எழுத்து எவ்வாறு நுழைந்தது? ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் நிருவாகம் பள்ளி நடத்த வழிவகை செய்தது. அப்பள்ளிகள் பலவும் எளிய கொட்டகைகள். சிலவற்றில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராக இருந்தார். ஆயினும் அக்கொட்டகைகளில் கற்ற எழுத்தைக் கொண்டே தொழிலாளர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினர். 1924 இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935 இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய இதழ்களைப் படித்தனர். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். பின்னர் எழுந்த படிப்பகங்களும் இளைஞர் மணிமன்றங்களும் அவ்வழக்கத்திற்குக் கூரை வேய்ந்தன.

மலாயாவோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் இங்கே குறிக்கத்தக்கது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. அவர் 1907 இல் மலாயாவுக்கு வந்து பல ஆண்டுகள் இங்கே பணியாற்றியவர். 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது எப்படி என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை எளிமையானது, நுட்பமானதும் கூட. புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு 'நகரா விசை' அமைத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும். ஆனால் உருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். முழு எழுத்துகளாக அல்லாமல் உறுப்புகளாகப் பிரித்துத் தமிழை நோக்கிய அந்தப் பார்வை, பிற்காலத்தில் கணினிக்கும் தேவைப்பட்டது.

2. ஒரு வெள்ளியும் பத்து வெள்ளியும்

1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைவதையொட்டி, அதன் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க நிதி வேண்டியிருந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். செல்வரிடம் ஆயிரமாகக் கேட்பதற்கு முன், எளியவரிடம் ஒரு வெள்ளியாகக் கேட்டார். தாம் ஒருநாளும் காலடி வைக்க வாய்ப்பில்லாத பல்கலைக்கழகத்தின் நூலகத்திற்காகத் தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் அந்த வெள்ளியைக் கொடுத்தனர். தம் பேரப் பிள்ளைகள் அங்கே செல்லக்கூடும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம்.

இரண்டாவது நிகழ்ச்சி பேராக்கைச் சேர்ந்தது. 1957 இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், வெளிநாட்டு நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இத்துண்டாடலால் வேலை இழந்தவர்கள் அதனோடு குடியிருப்பையும் இழந்தனர்; ஏனெனில் அவர்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சர். அவர் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டம் தோட்டமாகச் சென்றார். 'ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுங்கள். தோட்டத்தை நாமே வாங்குவோம்' என்பது அவர் வைத்த வேண்டுகோளின் சாரம். அடுத்த ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இரண்டு பாடங்கள் உள்ளன. சிறு பங்குகள் சேர்ந்தால் தனி ஒருவரால் இயலாதது இயலும் என்பது முதற்பாடம். பிறருக்கு உரிய நிலத்தில் நாம் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும், நிலம் கைமாறும் நாளில் நமக்குப் பாதுகாப்பில்லை என்பது இரண்டாம் பாடம். இணையத்தின் வரலாற்றைப் பேசும்போது இவ்விரண்டும் மீண்டும் நம் முன் வரும்.

3. எழுத்து திரையேறிய கதை

1980களில் மேசைக் கணினிகள் பரவத் தொடங்கியபோது அவற்றுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தமிழைத் திரையில் காண விரும்பியவர், தாமே எழுத்துரு வரைந்து தாமே நிரல் எழுத வேண்டும். பெருநிறுவனங்கள் அதில் அக்கறை காட்டவில்லை. அச்சூழலில், கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனித்தனியே சிலர் இவ்வேலையில் இறங்கினர்.

மலேசியாவில் அவ்வாறு இறங்கியவர் முத்து நெடுமாறன். அவர் தந்தையார் கேரித்தீவுத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் முரசு நெடுமாறன். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருநூலை 1997 இல் வெளியிட்டவர். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த பாடல்களைத் தந்தை தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அப்பாடல்களைத் திரையில் எழுதுவதற்கான எழுத்துகளை மகன் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1985 இல் தொடங்கிய அம்முயற்சியே 'முரசு' என்னும் செயலியாகி, பின்னர் மின்னஞ்சல் எழுதுவதற்கும் பயன்பட்டு 'முரசு அஞ்சல்' எனப் பெயர் பெற்றது.

அஞ்சலின் விசைமுறையை மாணவர் பலர் இன்றும் பயன்படுத்துகின்றனர். ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழ் எழுத்துத் தோன்றும். இம்முறையைப் பற்றித் தமிழாசிரியரிடையே தயக்கம் உண்டு. தமிழைத் தமிழாகவே எண்ணாமல் உரோமன் எழுத்தின் வழியாக எண்ணும் பழக்கம் வந்துவிடாதா என்னும் கேள்வி நியாயமானது. அதற்கு மாற்றாக 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினாலும் அவ்வாறே. 'பந்து', 'தங்கம்' போன்ற சொற்களில் இன எழுத்துகள் சேர்ந்து வரும் நம் இலக்கண இயல்பையே விசைப்பலகையின் விதியாக்கிய நுட்பம் அது. இனவெழுத்துகளைக் கற்பிக்கும் வகுப்பில் இவ்விசைப்பலகையை ஒருமுறை காட்டினால், நூற்பா ஒன்றுக்கு நல்ல விளக்கம் கிடைக்கும்.

சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் பெயரில் தம் செயலியை உருவாக்கினார். 1995 இல், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் திட்டமொன்றை அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டான் டின் வீ முன்னின்று நடத்தியபோது, அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர் அவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் அவர் முயற்சியில் கூடிய 'தமிழ்நெட்97' கருத்தரங்கே தமிழிணைய மாநாடுகளுக்கு வித்து. 'இணையம்' என்னும் சொல்லைத் தந்தவராகவும் அவரைத் தமிழ்க் கணிமை உலகம் நினைவுகூர்கிறது. 1999 இல் அவர் மறைந்தார்.

அந்நாளில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கணினியின் எழுத்து அட்டவணையில் 256 இடங்களே இருந்தன. அவ்விடங்களில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். ஈப்போவில் ஒருவர் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாத சென்னைக் கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். இதைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே மாதக்கணக்கில் வாதிட்டு, முதல் 128 இடங்களை ஆங்கிலத்திற்கு விட்டு எஞ்சியவற்றில் தமிழை அமைக்கும் 'தகுதரம்' என்னும் பொது ஏற்பாட்டுக்கு வந்தனர். அவர்களுக்கு அரசாணையோ அமைப்பின் அதிகாரமோ இல்லை. ஒருவரையொருவர் நேரில் காணாதவர்களும் அவர்களுள் இருந்தனர். 2000 ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய 'உத்தமம்' தோன்றியது. 2001 ஆகஸ்டில் அடுத்த மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இறுதியில் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறை நிலைபெற்றது. அதில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாகப் பதிவாகிறது. ஒற்றைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாகத் திரையில் நிற்பது கண்ணுக்கான தோற்றமே. கணினி நினைவில் வைத்திருப்பது ஒலியின் வரிசையை. முத்தையாவின் நகரா விசை வடிவத்தை உறுப்புகளாகப் பிரித்தது என்றால், ஒருங்குறி ஒலியை உறுப்புகளாகப் பிரித்தது. தொல்காப்பியர் காலம் தொட்டு நாம் 'உயிர்மெய்' என்று சொல்லிவரும் கருத்து இங்கே கணினிக்கு வேலை சொல்கிறது.

2005 ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதும் 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. அதுவும் முத்து நெடுமாறனின் ஆக்கமே. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் மூன்றோடு நான்காவதாகச் செல்பேசிக்கு ஓர் இனம்! இலக்கணம் படித்தவர் புன்னகைக்கும்படி அமைந்த பெயர் அது. கணியன், முரசு, மதுரை, செல்லினம் என அம்முன்னோடிகள் சூட்டிய பெயர்களை நோக்குக. புதிய கருவிக்குப் பெயர் வேண்டியபோது அவர்கள் கை நீட்டியது நம் மரபின் பெட்டகத்துக்குள்தான்.

4. பெயர்களால் நிறைந்த நூலகம்

எழுத்து கைக்கு வந்தபின் நூல்கள் வர வேண்டும். 1971 இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், அந்நாட்டின் விடுதலைச் சாற்றுரையைக் கணினியில் தட்டச்சு செய்து யாவரும் பெறுமாறு வைத்தார். 'குட்டன்பர்க் திட்டம்' அவ்வாறு தொடங்கியது. அதனைப் போலத் தமிழுக்கும் ஒன்று வேண்டுமென்று எண்ணியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளர். சூரிய ஒளியை மின்னாற்றலாக்கும் ஆய்வில் பெயர் பெற்றவர். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் தமிழ் எழுத்துரு என வாழ்ந்த அவர் 'மயிலை' என்னும் எழுத்துருவை முன்பே உருவாக்கி இலவசமாக அளித்திருந்தார்.

1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. முதல் நூல் திருக்குறள். முறை மிக எளிது. பதிப்புரிமைத் தடையில்லாத நூலொன்றைத் தன்னார்வலர் ஒருவர் தட்டச்சு செய்வார். மற்றொருவர் பிழை திருத்துவார். பின்னர் அது எவரும் கட்டணமின்றிப் பெறும் வகையில் இணையத்தில் ஏறும். பத்துப் பக்கம் தட்டியவரும் பங்காளியே. ஆயிரம் பக்கம் தட்டியவரும் பங்காளியே. இன்று பல நூறு நூல்கள் அங்கே உள்ளன. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. சங்கப் பாடலைத் தேடிச் செல்லும் மாணவர் அந்த வரிகளைக் கடந்து செல்லாமல் ஒருமுறை நின்று படிக்க வேண்டுகிறேன். கோயில் கல்வெட்டில் கொடையாளர் பெயர் பொறித்த மரபின் தொடர்ச்சி அது. கொடுத்தது பொன்னன்று, இரவுகள்.

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1892 இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரின் உழைப்பு ஓலையிலிருந்து தாளுக்கு. இவர்களின் உழைப்பு தாளிலிருந்து திரைக்கு. ஐயருடையது பெரும்பாலும் ஒருவர் சுமந்த சுமை. இது பலர் பகிர்ந்த சுமை என்பதே வேறுபாடு.

2001 ஆம் ஆண்டுக் கோலாலம்பூர் மாநாட்டில் மற்றொரு முயற்சியும் உருப்பெற்றது. முனைவர் நா. கண்ணனும் பினாங்கில் பிறந்த முனைவர் க. சுபாஷிணியும் தொடங்கிய 'தமிழ் மரபு அறக்கட்டளை' அது. அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காப்பதை அது தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. தட்டச்சு செய்தால் தேட இயலும். படமெடுத்தால் மூலத்தின் முகம் மாறாமல் நிற்கும். இரண்டும் வேண்டும்.

5. எரிந்தபின் எழுந்தது

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஈடில்லாச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில், ஒரே படியாக இருந்தவை அவற்றுள் பல. அந்த இழப்பின் நினைவு ஆறாத ஒரு தலைமுறை, 2005 இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. தலைப்பே அவர்கள் துயரையும் உறுதியையும் சொல்லும்.

'நூலகம்' பெருங்காப்பியங்களோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கற்க வேண்டியது. ஊர்ப் பள்ளியின் ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், நினைவு மலர், நாலைந்து இதழோடு நின்றுபோன சிற்றிதழ், துண்டறிக்கை என எதையும் அற்பமென்று அவர்கள் ஒதுக்கவில்லை. பெரிய நூலுக்குப் பல படிகள் இருக்கும். எங்கேனும் ஒன்று தப்பும். ஊர்ப் பள்ளி மலருக்கோ அந்த ஊரைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

இதே காலத்தில், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் கட்டுரை கட்டுரையாக வளர்த்தார். தொடக்கத்தில் ஏறத்தாழத் தனியொருவராக எழுதிய அவரோடு பின்னர்ப் பலர் இணைந்தனர். 2017 இல் அது ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. நம் நாட்டிலோ 'வல்லினம்' இலக்கியக் குழுவினர், மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நிழற்படங்களையும் ஆவணங்களையும் திரட்டி ஒரு தளம் அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சடக்கு'. தார்ச்சாலையைத் தோட்டத்து மக்கள் அழைத்த சொல் அது. லயத்திலிருந்து செம்மண் பாதையில் நடந்து சடக்கை அடைந்தால்தான் பேருந்து வரும், உலகம் வரும். அகராதிகளில் அரிதாகவே இடம்பெறும் இந்தத் தோட்டத்துச் சொல்லைத் தளத்தின் முகப்பில் ஏற்றியது ஆவணப்படுத்தலின் முதற்செயல் என்பேன்.

6. பேராக்கின் வெற்றிடம்

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். கோலகங்சார், சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரங்களில் இருந்த பால்மரக் காடுகள் பெரும்பாலும் இன்றில்லை. சில செம்பனைத் தோட்டங்களாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சிலவற்றை நெடுஞ்சாலை ஊடறுத்துச் சென்றது. மக்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் சிறுநகரங்களின் அடுக்ககங்களிலும் குடியேறினர். தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கியபடி வேறிடத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. பெயர்ப்பலகையில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்றிருக்கும். சுற்றிலும் தோட்டம் இராது. அங்கே பயிலும் பிள்ளை, 'எங்கே ஐயா அந்தத் தோட்டம்?' என்று கேட்டால் நாம் காட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வடபேராக்கில் ஒரு தோட்டத்துப் பள்ளி புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்கலாமென்று நான் சென்றேன். இரண்டு வாரம் பிந்திவிட்டேன். கறையான் அரித்த தாள்களென்று அவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் எரித்துவிட்டிருந்தார்கள். எவரையும் நான் குறைகூறவில்லை. அவற்றின் மதிப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அதுவரை எவரும் வரவில்லை, நான் உட்பட. அப்பதிவேட்டில் என் தாயின் பெயர் இருந்திருக்க வேண்டும். அவர் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்திப் பால்வாளி தூக்கினார் என்பது இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பகைமை எரித்தது. நம்மிடையே கவனக்குறைவே போதுமானதாக இருக்கிறது.

பதிவேடு மட்டுமா? தோட்டங்களுக்கு நிறுவனம் இட்ட பெயர் ஒன்று. நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு. பழைய துரையின் பெயராலோ, பெரிய கங்காணியின் பெயராலோ, ஆற்றின் பெயராலோ அவை வழங்கின. அவை நிலப்படத்தில் ஏறாதவை. அறுபது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே இன்று வாழ்பவை. தாலாட்டும் ஒப்பாரியும், திருவிழா நாடகத்தின் கையெழுத்துப் படியும், தீமிதி அழைப்பிதழும், மணிமன்றத்துக் கையெழுத்து ஏடும் அப்படியே.

'இவையெல்லாம் இப்போது சமூக ஊடகங்களில் வருகின்றனவே' என்று மாணவர் கூறலாம். வருகின்றன, மகிழ்ச்சியே. ஆனால் சம்பந்தன் காலத்துப் பாடத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். அத்தளங்கள் நிறுவனங்களின் நிலம். நாம் அங்கே லயத்துக் குடியிருப்பாளர். இணையத்தின் தொடக்க காலத்தில் உலகெங்கும் எண்ணற்றோர் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவசத் தளத்தில் பக்கங்கள் அமைத்திருந்தனர். தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. 2009 அக்டோபரில் உரிமையாளர் நிறுவனமான யாகூ அதனை மூடியது. தோட்டம் விற்கப்பட்டதும் லயம் இடிக்கப்பட்டது போன்ற நிகழ்ச்சிதான் அது. தன்னார்வலர் சிலரும் ஆவணக் காப்பகங்களும் விரைந்து படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. மதுரைத் திட்டமும் நூலகமும் நிலைத்து நிற்பதற்கு ஒரு காரணம், அவை தம் நிலத்தில் நிற்கின்றன என்பது. மற்றொரு காரணம், எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ள அவை கதவைத் திறந்து வைத்திருக்கின்றன என்பது.

7. செய்யத்தக்கன

ஆசிரியர்களும் மாணவர்களும் இம்மாதமே தொடங்கத்தக்க சிறு பணிகள் சிலவற்றைக் கூறி அமைகிறேன்.

முதலாவது, பள்ளியின் பழைய பதிவேடு, ஆண்டு மலர், நிழற்படம் ஆகியவற்றை அப்புறப்படுத்துமுன் கைப்பேசியிலேனும் படமெடுங்கள். சன்னலோரப் பகலொளியில், தாளை மட்டமாக வைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் போதும். கோப்புப் பெயரில் பள்ளி, ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயரில்லாத படம் இருட்டறையில் வைத்த நூலுக்குச் சமம்.

இரண்டாவது, ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டனார் பாட்டியாரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யட்டும்: உங்கள் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் என்ன? பெரட்டு முதல் மாலை வரை ஒரு நாளைச் சொல்லுங்கள். இப்போது எவரும் சொல்லாத தோட்டத்துச் சொற்கள் எவை? அவர்கள் இசைவைப் பெற்ற பின்னரே வெளியிடுக. துயரம் கலந்த நினைவுகளை அவர்கள் மறைக்க விரும்பினால் அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும். பிறர் வாழ்வு நம் பாடத்திட்டத்துக்கான பொருளன்று.

மூன்றாவது, எழுத்தில் ஏற்றுவதை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். ஒரு படி பள்ளியில், ஒரு படி வீட்டில், ஒரு படி பொது ஆவணத் தளத்தில் என மூவிடத்தில் வையுங்கள். யாழ்ப்பாணத்து நெருப்பும் ஜியோசிட்டீஸ் மூடலும் கற்பித்த பாடம் இது.

நான்காவது, தட்டியவர், திருத்தியவர், தகவல் சொன்னவர் ஆகியோர் பெயரைத் தவறாது குறியுங்கள். அடையாளம் வேண்டாம் என்பவர் பெயரை விட்டுவிடுங்கள். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியராக வெளிவரும் இளையோர், தம் முதற்பள்ளியிலேயே இதனைத் தொடங்கினால், பத்தாண்டில் பேராக்கின் தோட்டங்களுக்கு ஓர் இணைய நூலகம் அமைந்துவிடும்.

அன்பர்களே, தாம் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் நூலகத்துக்கு ஒரு வெள்ளி கொடுத்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் நாம். அவர்களுக்கு அந்த வெள்ளி, வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த காசு. நம்மிடம் இன்று கேட்கப்படுவது பணமன்று. ஒரு மாலைப்பொழுதும் ஒரு பக்கமும்தான். அவர்கள் தந்த வெள்ளிக்கு நாம் இன்னும் பற்றுச்சீட்டு எழுதவில்லை. அதை எழுதும் பொறுப்பு இவ்வவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது.